வழக்குப் போடப் பணம் இல்லையா?

நீதிமன்ற அலுவலகங்களில் எழுத்தர் போதவில்லை, கட்டுகள் தேங்குகின்றன. கட்டணத்தை உயர்த்தி ஆள் போடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அலுவலகம் நன்றாக நடக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. சுமை யார் தலையில் இறங்கும் என்பதே நம் கேள்வி.

தமிழ்நாட்டில் சொத்து மதிப்பின் மீதான நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைந்தது. அப்படியும், 3 லட்சம் ரூபாய் பெறுமான நிலத்தை மீட்க வழக்குப் போட்டால் 9,000 ரூபாய் கட்ட வேண்டும். கூலிக்குப் போகும் நம் குடும்பங்களுக்கு அது பல நாள் சம்பாத்தியம். கட்ட முடியாமல் கைவிட்டால், நிலம் ஆக்கிரமித்தவர் கையிலேயே நின்றுவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருந்தால் போதும். வழக்கறிஞரோடு நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். சாதிச் சான்றிதழுடன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

படிக்கும் பிள்ளைகள் ஊரில் ஒருவருக்காவது இம்மனுவை எழுதிக் கொடுங்கள். எழுத்தர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரட்டும். ஏழையின் வழக்கிலிருந்து வேண்டாம்.