பார்த்தால் தெரிகிறது, எழுதினால் வரவில்லை

பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். சம்பா அறுவடையும் இதே நேரத்தில். அப்பா கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் கிடக்க, வீட்டுப் போன் பிள்ளை கையில். ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் புலம்பல் ஒன்றுதான்: “வீடியோ பார்த்தால் புரிகிறது என்கிறான். மார்க்கைத்தான் காணோம்.”

பையன் பொய் சொல்லவில்லை. புரியத்தான் செய்கிறது, சிக்கலே அதில்தான்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்தது. பிறகு தாளைப் பார்க்காமல், நினைவில் நின்றதை மூன்று சுற்று எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அதுவே 40, 61 என்று தலைகீழ். என்னை உறுத்துவது வேறு: ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியது அந்த 40 சதவீதக் குழு. கண்ணுக்குப் பழகியதையெல்லாம் ‘தெரியும்’ என்று மனசு வரவு வைத்துவிடுகிறது. வீடியோவில் வாத்தியார் தடங்கலில்லாமல் கணக்குப் போட்டால், நாமே போட்ட மாதிரி இருக்கிறது.

பார்க்காமல் சொல்லிப் பழகுவது நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நெல்லிலக்கத்தை, அதாவது நெல் அளவை வாய்பாட்டை, ஏட்டைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டியிருந்தது. (எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏற முடிந்ததில்லை, அதனால் ஏக்கப்பட ஒன்றுமில்லை.) டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கலத்துக்கு எத்தனை மரக்கால் என்றேன். கிளாஸைக் கீழே வைக்காமலே “பன்னெண்டு” என்றார்.

இப்போதோ, ‘ஸ்மார்ட் வகுப்பறை’ என்று அரசு சொல்வது, நடைமுறையில் சுவரில் மாட்டிய ஒரு திரை. எத்தனை பள்ளிகளில் மாட்டினோம் என்ற கணக்கு தவறாமல் வருகிறது. பிள்ளை தலையில் எவ்வளவு நின்றது என்பதை அந்தக் கணக்கில் தேடாதீர்கள்.

மற்ற கேள்விகள்:

போனை சைலன்ட்டில் பக்கத்தில் வைக்கலாமா? 2017-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், போனை வேறு அறையில் வைத்தவர்களே சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை.

பாடநூல் க்யூஆர் கோடு? பாடம் புரியாதபோது மட்டும்.

வாட்ஸ்அப்பில் குவியும் நோட்ஸ்? ஒன்றை எடுத்துப் படித்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.