கதை தரும் சொற்செல்வம்

சொற்களை மனத்தில் நிறுத்துவதற்கு நம் முன்னோர் செய்யுளின் ஓசையைத் துணைக்கொண்டனர். சொல்லுக்குப் பொருள் கூறும் நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தமை மனப்பாடம் செய்வதற்கு உதவியது. மண்டல புருடர் சூடாமணி நிகண்டை ஓசைநயம் மிக்க விருத்தப்பாவில் இயற்றினார். ஓசையைப் போலவே கதையும் நினைவுக்குத் துணையாகும். கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்பதற்கு, இளையோர் விரும்பிப் படிக்கும் புதினங்கள் எவ்வாறு உதவுகின்றன என்பதை இங்குக் காண்போம்.

மறதியின் இயல்பு

உயர்கல்விக்குச் செல்லும் மாணவர், அதுவரை கண்டிராத ஆங்கிலச் சொற்கள் பலவற்றை நூல்களிலும் தேர்வுகளிலும் எதிர்கொள்கிறார். தமிழ்வழியில் பயின்றவர் பாடப்பொருளை நன்கு அறிந்திருந்தும், ஒரு சொல் விளங்காமையால் வினாவையே தவறாகப் புரிந்துகொள்ள நேரிடுகிறது. அதனைத் தவிர்க்க அவர் சொற்பட்டியலை உருப்போடுகிறார். சில நாள்களில் பெரும்பாலான சொற்கள் மறந்துபோகின்றன. தமக்கு நினைவாற்றல் இல்லை என்று அவர் மனம் தளர்கிறார். உண்மையில் குறை அவரிடம் இல்லை. கற்கும் முறையில்தான் உள்ளது.

ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை ஆராய்ந்தார். அம்முடிவுகளை 1885ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். கற்ற சிறிது நேரத்திலேயே மறதி மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை அவர் காட்டினார். எந்தக் காட்சியோடும் இணையாமல் உருப்போடப்படும் அயல்மொழிச் சொல்லும் ஏறத்தாழப் பொருளற்ற அசையின் நிலையிலேயே இருக்கிறது.

இதற்கு மாற்றான வழி ஒன்றை அமெரிக்க உளவியல் அறிஞர் ரிச்சர்ட் அட்கின்சன் தம் உடன் ஆய்வாளரோடு 1975ஆம் ஆண்டு சோதித்தார். ரஷ்யச் சொல்லின் ஒலியை, அதனைப் போல ஒலிக்கும் தெரிந்த சொல்லோடு இணைத்து, இரண்டையும் ஒரு மனக்காட்சியாக்கிக் கற்குமாறு மாணவர்களிடம் கூறப்பட்டது. அவ்வாறு கற்றவர்கள் மற்றவர்களைவிட மிகுதியான சொற்களை நினைவில் வைத்திருந்தனர். புதினம் படிப்பவருக்கு அத்தகைய காட்சிகள் முன்னரே மனத்தில் அமைந்துள்ளன.

மந்திரச் சொற்களின் வேர்

ஜே.கே. ரவுலிங் எழுதிய ஹாரி பாட்டர் புதின வரிசை இதற்குச் சிறந்த சான்றாகும். 1997 முதல் 2007 வரை ஏழு புதினங்களாக அது வெளிவந்தது. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியோடு செவ்வியல் இலக்கியமும் பயின்ற ரவுலிங், தம் கதையின் மந்திரச் சொற்கள் பலவற்றை இலத்தீன் வேர்களிலிருந்து உருவாக்கினார். ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெரும்பகுதியும் இலத்தீனிலிருந்து வந்தவையே. ஆகவே, கதையில் வரும் மந்திரம் அகராதிச் சொல்லுக்கு வழிகாட்டுகிறது.

'லூமோஸ்' என்றதும் மந்திரக்கோலின் நுனியில் ஒளி தோன்றும். 'லூமென்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். ஒளிர்கின்ற என்னும் பொருளுடைய 'லூமினஸ்', ஒளியூட்டுதலைக் குறிக்கும் 'இல்லுமினேட்' ஆகியவை அவ்வேரினவாகும். 'நாக்ஸ்' என்றதும் அவ்வொளி அணையும். இலத்தீனில் 'நாக்ஸ்' என்பது இரவு. இரவில் இயங்கும் உயிரினங்களைக் குறிக்கும் 'நாக்டர்னல்', சம இரவு நாளைக் குறிக்கும் 'ஈக்வினாக்ஸ்' ஆகிய சொற்களில் அவ்விரவு உறைகிறது.

வரிசையின் மூன்றாம் புதினத்தில், கொட்டும் மழையில் விளையாடும் ஹாரியின் கண்ணாடியில் நீர் ஒட்டாதவாறு ஹெர்மயனி 'இம்பெர்வியஸ்' என்னும் மந்திரத்தை ஏவுகிறாள். ஊடுருவ இயலாத என்னும் பொருளில் அதே ஒலியுடைய சொல் ஆங்கிலத்தில் உண்டு. நீர் புகாத பாறைக்கும், அறிவுரை எதுவும் உள்ளே புகாத மனத்திற்கும் அது பொருந்தும். நான்காம் புதினத்தில் உண்மையைப் பேசவைக்கும் 'வெரிட்டாசீரம்' என்னும் நீர்மம் குறிப்பிடப்படுகிறது. 'வெரிட்டாஸ்' என்றால் உண்மை. வாய்மையைக் குறிக்கும் 'வெராசிட்டி', சரிபார்த்தலைக் குறிக்கும் 'வெரிஃபை', தீர்ப்பைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். ஒரு காட்சியை நினைத்தால் ஒரு சொற்குடும்பமே நினைவுக்கு வருகிறது.

ஒலி ஒப்புமையும் பிழையும்

இம்முறையில் எச்சரிக்கையும் தேவை. 'நாக்ஸ்' என்பது இரவு என அறிந்த மாணவர், 'நாக்ஷியஸ்' என்னும் சொல்லை இரவோடு தொடர்புடையது எனக் கருதக்கூடும். அச்சொல் தீங்கு என்னும் பொருளுடைய 'நாக்ஸா' என்ற வேறொரு சொல்லிலிருந்து பிறந்தது. நச்சுத்தன்மையுடைய, தீங்கு பயக்கும் என்பது அதன் பொருள். ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ நச்சு வாயு பற்றிய எச்சரிக்கைப் பலகையில் அச்சொல்லைக் காண்பவர், ஒலியை மட்டும் நம்பினால் ஆபத்தை உணராமல் போகலாம்.

வேர் ஒன்றாயினும் பொருள் வேறுபடுவதும் உண்டு. துன்புறுத்தும் மந்திரமான 'க்ரூஷியோ'வைக் கொண்டு, தாங்கொணா வலியைக் குறிக்கும் 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்னும் சொல்லை எளிதில் நினைவில் கொள்ளலாம். சிலுவை என்னும் பொருளுடைய அதே வேரிலிருந்து வந்த 'க்ரூஷியல்' என்பதோ, முடிவைத் தீர்மானிக்கக்கூடிய, மிக முக்கியமான என்று பொருள்படும். கதை சொல்லை நினைவூட்டும். பொருளை உறுதிசெய்ய வேண்டியது அகராதியே.

கற்கும் முறை

புதினத்தில் கருத்தைக் கவரும் சொல்லைக் காட்சியோடு குறிப்பேட்டில் எழுதுதல் முதற்படி. வேரையும் பொருளையும் அகராதியில் சரிபார்த்தல் அடுத்த படி. பின்னர், அவ்வேரின் உறவுச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைத்தல் வேண்டும். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இடைவெளி விட்டு, குறிப்பேட்டை மூடிவைத்து நினைவுகூர்தல் வேண்டும். ஒரே இரவில் பலமுறை படிப்பதைவிட இவ்வாறு இடைவெளி விட்டு நினைவுகூர்வதே நிலைத்த பயன் தரும்.

அயல்மொழிச் சொற்களைக் கண்டு அஞ்சும் மாணவர், கதையின் இன்பத்தோடு அவற்றை அணுகினால் அச்சம் நீங்கும். ஆர்வம் சொல்லை அறிமுகப்படுத்த, ஆராய்ச்சி அதன் பொருளைத் தெளிவாக்க, பயிற்சி அதனை நிலைநிறுத்துகிறது. இம்மூன்றும் கூடும்போது, கற்ற சொற்கள் தேர்வுக்குப் பின்னும் வாழ்நாள் முழுவதும் துணைநிற்கும்.