ஆறுமுகனை வளர்த்த அறுவர்

தைப்பூசத் திருநாள் நெருங்கும் காலத்தில், பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை முதலிய திருத்தலங்களில் மட்டுமன்றி, நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பரபரப்புத் தோன்றிவிடுகின்றது. வீடு கழுவப்படுகின்றது. பூசை அறை துலங்குகின்றது. மஞ்சள் ஆடைகள் எடுத்து வைக்கப்படுகின்றன. மரக்கறி உணவு, அதிகாலைக் குளியல், அந்தி விளக்கு, வெள்ளிக்கிழமை ஆலய தரிசனம் என்று விரத ஒழுங்குகள் வரிசையாக வந்து சேர்கின்றன. இவற்றையெல்லாம் குறைவின்றி நடத்தி வைப்பவர் யார் என்று கேட்டால், பெரும்பாலான இல்லங்களில் விடை ஒன்றுதான்: அந்த வீட்டின் தாய்.

அந்தத் தாய் இன்று வீட்டிலேயே இருப்பவர் அல்லர். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கின்றார்; மருத்துவமனையில் இரவு வேலை முடித்துத் திரும்புகின்றார்; பள்ளியில் பாடம் நடத்துகின்றார்; அலுவலகத்தில் கணக்கெழுதுகின்றார். மாலையில் இல்லம் திரும்பியதும் அவருடைய இரண்டாவது வேலை தொடங்குகின்றது. சமையல், துணி துவைத்தல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், முதியோருக்கு மருந்து, மறுநாளுக்கான உணவு ஆகியவை அவருக்காகக் காத்திருக்கின்றன. திருவிழாக் காலத்தில் இவற்றின்மேல் மூன்றாவது வேலையாக விரதமும் வந்து அமர்கின்றது. மனத்திற்கு அமைதி தர வேண்டிய விரதமே மனவுளைச்சலுக்குக் காரணமாகி விடுமானால், அதனைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய கடமை குடும்பத்தார்க்கும் ஆலயத்தார்க்கும் உண்டு.

தனியே செல்லாத காவடி

தைப்பூசத்தன்று காவடி எடுத்துச் செல்வோரைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எந்தக் காவடியும் தனியே செல்வதில்லை. அண்ணன் ஒருபுறம், மாமன் மறுபுறம், நண்பர்கள் பின்புறம் என ஒரு சுற்றமே உடன் நடந்து வருகின்றது. ஒருவர் தண்ணீர்ப் புட்டியை ஏந்தி வருவார். மற்றொருவர், காவடியாளர் களைப்புற்றால் அமர்வதற்கு ஒரு சிறு முக்காலியைச் சுமந்து வருவார். கால் தளரும்போது 'வேல் வேல்' என்ற முழக்கம் எழுந்து அவரைத் தாங்கும். பத்துமலையின் 272 படிகளையும் பால்குடம் ஏந்தி ஏறும் பெண்கள் இடையிடையே நின்று இளைப்பாறித்தான் ஏறுகின்றனர். அதனால் அவர்களது வேண்டுதலில் குறையேதும் வந்துவிடுவதில்லை.

ஒருநாள் சுமக்கும் காவடிக்கு இத்தனை துணை தரும் நாம், ஆண்டு முழுவதும் அன்றாடம் சுமக்கப்படும் காவடிக்கு என்ன துணை தருகின்றோம்? இதுவே இத்திருநாளில் ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

கார்த்திகைப் பெண்கள் காட்டும் நெறி

கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணம் முருகப் பெருமானின் திரு அவதாரத்தை விவரிக்கின்றது. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகத் தோன்றிய பெருமானைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். பின்னர் உமையம்மை வந்து அறுவரையும் ஒருசேர அணைத்திட, ஆறுமுகமும் பன்னிரு கரமும் கொண்ட ஒரே திருவுருவம் ஆயிற்று. அந்த வளர்ப்புத் தாயரின் பெயராலேயே பெருமானுக்குக் கார்த்திகேயன் என்னும் திருநாமம் வழங்குகின்றது. அவர்களைச் சிறப்பிக்கும் வகையிலேயே கார்த்திகை விரதமும் போற்றப்படுகின்றது.

தெய்வக் குழந்தையை வளர்க்கவே ஆறு தாயர் வேண்டியிருந்தது. பெற்ற அன்னையும் அவர்களது பணியைத் தமக்கு இழுக்காகக் கருதவில்லை. அவ்வாறிருக்க, மானிடக் குழந்தைகள் இருவரையோ மூவரையோ, சம்பள வேலையையும், சமையலறையையும், பூசையறையையும் ஒரே பெண் ஒருவர் துணையுமின்றித் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு நியாயமாகும்?

"நாங்கள் செய்யவில்லையா?"

இவ்வாறு சொன்னவுடன் வீட்டுப் பெரியவர்கள் சிலர், "எங்கள் காலத்தில் நாங்கள் வேலைக்கும் போனோம், பிள்ளைகளையும் வளர்த்தோம், விரதமும் இருந்தோம், எங்களுக்கு மனவுளைச்சல் வந்ததா?" என்று கேட்பதுண்டு. அவர்களது உழைப்பை எவரும் மறுக்க இயலாது. காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர்ப் பால் நன்கு வடியும் என்பதால், தோட்டத்துத் தாய்மார்கள் இருள் விலகுமுன்பே பிரட்டுக்களத்தில் நின்றனர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவினர்.

ஆயினும் அவர்களுடைய பிள்ளைகள் அப்போது எங்கிருந்தார்கள் என்பதையும் நினைவுகூர வேண்டும். தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. தூளியில் கிடந்த குழந்தையை ஆயா ஒருவர் பார்த்துக்கொண்டார். லயத்து வரிசையில் பாட்டியும், சித்தியும், அண்டை வீட்டு அக்காளும் இருந்தனர். ஒரு வீட்டில் அடுப்பு மூட்டத் தாமதமானால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவையும் தோட்டமே கூடி நடத்தியது. பெயர் சொல்லாவிட்டாலும், அங்கேயும் கார்த்திகைப் பெண்கள் இருக்கவே செய்தனர். அங்கே வறுமை இருந்தது, நோய் இருந்தது, வெளியே சொல்லாத கண்ணீரும் இருந்தது. ஆனால் ஒரு கை தளரும்போது தாங்குவதற்கு மறுகை அருகில் இருந்தது.

1972ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கப்பெற்றது. அக்காலந்தொட்டு மின்னியல் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, நம் பெண்கள் பலரும் தோட்டத்தை விட்டு நகரத்து வேலைகளுக்கு வந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்களும் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. வருமானம் உயர்ந்தது, பிள்ளைகளின் கல்வியும் உயர்ந்தது. லயத்து வரிசை மட்டும் கூடவே வரவில்லை. அடுத்த வீட்டுக்காரரின் பெயரும் தெரியாத மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாய் தனியே திணறுவது இதனால்தான். இன்றைய பெண்ணுக்கு மனவுறுதி குறைந்துவிட்டது என்று பழிப்பதைவிட, அவரைச் சூழ்ந்திருந்த கைகள் குறைந்துவிட்டன என்று உணர்வதே பொருத்தமாகும்.

உடல் சொல்லும் செய்தி

ஆபத்து நேரும்போது உடல் தன்னைத் தற்காத்துக்கொள்ளச் சில இரசாயனங்களைச் சுரக்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நாள் முழுவதும் அவசரமும் கவலையுமாகவே கழியும்போது அவ்வாறு திரும்புவதற்கு வாய்ப்பில்லாது போகின்றது. ஓயாத தலைவலி, தூக்கமின்மை, மறதி, வயிற்றுக் கோளாறு, அற்பக் காரணத்திற்கும் பிள்ளைகள்மேல் பாயும் கோபம் முதலியன அதன் அறிகுறிகளாகலாம்.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்து. நள்ளிரவில் படுத்து நான்கு மணிக்கு எழுந்து, குளித்து, பூசை முடித்து, மோட்டார் சைக்கிளிலோ காரிலோ வேலைக்கு விரையும் தாய், சாலையில் கண்ணயரும் ஆபத்தையும் சேர்த்தே சுமக்கின்றார். இத்தகைய பக்தியை முருகன் விரும்புவானா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

விரதம் ஆற்றலுக்கேற்ப அமையட்டும்

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதமிருப்போர் உளர். 21 நாளோ, 7 நாளோ, பூசத்தன்று மட்டுமோ விரதமிருப்போரும் உளர். எவரது பால்குடத்தையும் பெருமான் ஏற்க மறுப்பதில்லை. கருவுற்றிருப்போரும், பாலூட்டும் தாய்மாரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றிற்கு மருந்துண்போரும் மருத்துவரைக் கலந்தே உண்ணாநோன்பை மேற்கொள்ள வேண்டும். விரதத்தைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்துதல் கூடாது.

பல வீடுகளில் விரதகாலத்தில் இரண்டு சமையல் நடைபெறுகின்றது. விரதமிருக்கும் தாய் தமக்கு மரக்கறி சமைத்துவிட்டு, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மீனும் கோழியும் தனியே சமைக்கின்றார். சட்டி இரண்டு, கழுவும் வேலை இரண்டு, உடைமாற்றம் இரண்டு! குடும்பத்தார் அனைவரும் அந்நாள்களில் மரக்கறியே உண்பதென்று தீர்மானித்தால், தாயின் உழைப்பு பாதியாகும். வீட்டார்க்கும் விரதத்தில் பங்கு கிட்டும். நாவைக் கட்டுவதும் ஒரு காணிக்கையே.

மாலையில் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் அந்தத் தாய் அமைதியாக அமர்ந்திருக்க வழிவிட வேண்டும். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும், கைத்தொலைபேசிகள் ஒதுங்கியிருக்கட்டும். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டு, திருநாமத்தை மனத்துள் உச்சரிக்கும் அந்த நேரம், இறுகிய உடலையும் உள்ளத்தையும் தளர்த்தும். அப்போது "அம்மா, என் காலுறை எங்கே?" என்று கேட்காதிருப்பது பிள்ளைகள் செய்யும் அர்ச்சனையாகும்.

கணவரின் பங்கு

"நான் மனைவிக்கு உதவி செய்கிறேன்" என்று சொல்வோர் பாராட்டத்தக்கவரே. எனினும் வீடு இருவருடையது, பிள்ளைகளும் இருவருடையவர்கள். அடுத்தவர் வேலையில் கைகொடுப்பதைத்தான் உதவி என்று சொல்வார்கள். ஆலயத்தில் அன்னதானத்திற்குப் பெரிய அண்டாவில் சோறு வடிக்கவும், நூறு பேருக்குப் பந்தி பரிமாறவும் ஆடவர்கள் முன்வருகின்றனர். அதே கைகள் இல்லத்தில் ஒரு தட்டைக் கழுவக் கூச வேண்டியதில்லை. இன்னின்ன வேலை இன்னின்னார்க்கு என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால், கேட்பதும் கெஞ்சுவதும் குறையும். பத்து வயதுப் பிள்ளை துணி மடிக்கலாம். பூ தொடுக்கக் கற்கலாம்.

சட்டத்தின் துணையும் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. திருமணமான தந்தைக்குச் சில நிபந்தனைகளுடன் 7 நாள் விடுப்பு உண்டு. வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்பது உரிமை என்பதை அறியாமலே பலர் மௌனமாக இருந்துவிடுகின்றனர்.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பிறந்தபின் காரணமின்றி அழுகை வந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, பரிகாரத்தை மட்டும் நாடிக் காலம் கடத்தலாகாது. வேண்டுதலோடு மருத்துவமும் சேர வேண்டும். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஆலோசனை பெறலாம். சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ஹீல் உதவிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். அவ்வாறு அழைப்பதால் குடும்ப மானம் போய்விடாது.

ஆலயங்கள் ஆயாக் கொட்டகையாகட்டும்

லயத்து வரிசை போய்விட்டது; ஆலயம் இருக்கின்றது. எனவே விடுபட்ட கைகளை மீண்டும் கூட்டும் பொறுப்பு ஆலயங்களையே சாரும். பால்குடச் சீட்டு வழங்கும் முகப்பு வேலை நாள்களில் பகல்நேரத்தில் மட்டும் திறந்திருந்தால், பணிக்குச் செல்லும் தாய் அரைநாள் சம்பளத்தை இழக்க நேரிடும். இரவிலும் வார இறுதியிலும் அது திறந்திருக்கட்டும். வெள்ளிக்கிழமைப் பூசையைச் சற்றுப் பிந்தி நடத்தினால் பேருந்தில் வருவோர்க்கும் தீபாராதனை கிடைக்கும். உபயகாரக் குடும்பம் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலைச் சுருக்கலாம். பாலூட்டுவதற்கு மறைவான ஓர் அறையும், ஓய்வுபெற்ற தாய்மார்கள் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு மூலையும் அமைத்தால், தாய்மார்கள் சற்று நேரமாவது கண்மூடிக் கைகூப்ப இயலும். பெருங்கூட்டத்தில் வரும் சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைக்குமாறு வாயிலிலேயே நினைவூட்டலாம்.

கோபுரம் கட்டவும் மண்டபம் எழுப்பவும் வாரி வழங்கும் உபயகாரப் பெருமக்கள், இத்தகைய பணிகளுக்கும் கொடையில் ஒரு பங்கை ஒதுக்குவார்களாயின், அது கார்த்திகைப் பெண்களுக்குச் செய்யும் ஆராதனையாக அமையும். தாய் களைத்து வீழ்ந்தால், பிள்ளையை ஆலயத்திற்குக் கைப்பிடித்து அழைத்துவர யார் இருக்கின்றார்? அடுத்த தலைமுறையின் பக்தி அந்தக் கையில்தான் இருக்கின்றது.

இவ்வாண்டு பூசத்திற்குக் காணிக்கை என்ன செலுத்துவதென்று எண்ணும் ஒவ்வொருவரும், தம் இல்லத்துத் தாயின் சுமைகளுள் ஒன்றையேனும் தம் கைக்கு மாற்றிக்கொள்ளட்டும். அறுவர் கைகளில் வளர்ந்த ஆறுமுகப் பெருமான், பகிர்ந்து வாழும் இல்லங்களில் மகிழ்ந்து உறைந்து, அனைவர்க்கும் உடல்நலமும் உள்ள அமைதியும் அருள்வானாக!