குருவுக்கு 32 கிலோ வாசனைத் திரவியம்! தெரியுமா?

கோவை ரங்கே கவுடர் வீதிப் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப்போளம் கேட்டுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பிசின் கட்டிகள். பத்து கிராம், இருபது கிராம் என்று காகிதத்தில் மடித்துத் தருவார்கள். இயேசுவின் அடக்கத்துக்கு இதையும் கரியபோளத்தையும் கலந்து ஒருவர் எவ்வளவு கொண்டுவந்தார் தெரியுமா? ஏறக்குறைய நூறு ராத்தல்! ரோமானியர் எடைப்படி 32 கிலோவுக்கு மேல்!

கொண்டுவந்த நிக்கொதேமு லேசுப்பட்ட ஆளில்லை. இஸ்ரவேலுக்கே போதகர். ஆனாலும் இயேசுவிடம் முதலில் பாடம் கேட்க வந்தது ராத்திரியில்! குருவைச் சிலுவையில் அறைந்தபிறகுதான் பகிரங்கமாக வருகிறார், அதுவும் இத்தனை பெரிய சுமையோடு. பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்கிய அரிமத்தியா யோசேப்பும் அதுவரை ரகசியச் சீடர்தான். கூடவே சுற்றிய பன்னிரண்டு சீடரில் ஒருவர் பெயர்கூட இந்த அடக்கத்தில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

இன்னொன்று கேளுங்கள். பெத்தானியா மரியாள் குரு சாவதற்கு முன்பே அந்த மரியாதையைச் செய்துவிட்டாள்! ஒரு ராத்தல் நளதத் தைலம். மதிப்பு 300 வெள்ளிப் பணம். அன்று ஒரு நாள் கூலி ஒரு பணம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்டச் செலவு என்று முணுமுணுத்தது யூதாஸ்! என் அடக்கத்துக்காக வைத்திருந்தது, அவளை விடுங்கள் என்றார் இயேசு.

யோவான் ஸ்நானகனின் சீடர்களுக்கு எவ்வளவு நெஞ்சுரம்! குருவின் தலையை வெட்டவைத்தது ஏரோது ராஜா. அப்படியும் போய் உடலை எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். மோசேயின் கல்லறையோ யாருக்கும் தெரியாது. ஆனால் மோவாப் சமவெளியில் ஜனங்கள் 30 நாள் துக்கம் காத்தார்கள்.

நம்ம பக்கம் வருவோம். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் கோயம்புத்தூர் ஜில்லா வாத்தியார், தெரியுமா? 1859-ல் அவர் ஊட்டியில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது நீலகிரி கோவையோடுதான் இருந்தது, 1868-ல்தான் பிரிந்தது! பிரம்பைத் தாராளமாக எடுப்பவர் என்றும் அவருக்குப் பெயர் உண்டு.

பெயரை மறக்காமல் வைத்திருப்பதும் மரியாதைதான். ஈரோட்டில் பஸ் ஏறி 'மீனாட்சி சுந்தரனார் சாலை' என்று சொல்லிப் பாருங்கள், கண்டக்டர் ஒரு நிமிஷம் யோசிப்பார். அதன் பழைய பெயரான 'பிரப் ரோடு' என்றால் விசில்தான்! லண்டன் மிஷனைச் சேர்ந்த ஏ.டபிள்யூ. பிரப்பின் பெயர் அது. அவர் நினைவைத் தாங்கும் ஆலயமும் அங்கேயே நிற்கிறது.

மறுபடி போப். 1908-ல் ஆக்ஸ்போர்டில் காலமானார். கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று எழுதச் சொன்னார் என வாட்ஸ்அப்பில் வருகிறதே, செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரியே இல்லை! நிஜத்தில் அதில் இருப்பது இன்னும் பெரிய அதிசயம்: கல்லை வைத்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்று பொறித்திருக்கிறது. கப்பல் தபால் காலத்தில், கடல் கடந்து ஒரு வாத்தியாருக்குக் கல்லறைக் கல்!