முதல் பால், முதல் காவல்

அந்தமானுக்குப் பால்பவுடர் டப்பாக்கள் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன. சென்னையில் இருந்து கப்பல் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கடல் கொந்தளித்தால் இன்னும் தாமதம்.

தாய்ப்பாலுக்குக் கப்பல் வேண்டாம். காசும் வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் தாய்க்கு மஞ்சளான, கெட்டியான பால் சுரக்கும். இதுதான் சீம்பால். சிலர் இதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைக்கிறார்கள். இது தவறு. அந்தத் தண்ணீரோடு கிருமியும் உள்ளே போகலாம்.

சீம்பாலில் நோயை எதிர்க்கும் பொருள்கள் நிறைய உள்ளன. தாயின் உடல் முன்பே சந்தித்த கிருமிகளை அவை அடையாளம் கண்டு தடுக்கும். குழந்தையின் குடலில் காவல் நிற்கும். வயிற்றுப்போக்கு வருவது குறையும்.

எனவே பிறந்து 1 மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம்.

பிறகு என்ன கொடுப்பது?

6 மாதத்துக்குப் பின் குழந்தைக்கு இரும்புச் சத்துப் போதாது. இனி அதன் உடல் தன் காவலைத் தானே பலப்படுத்த வேண்டும். அதற்குச் சத்து வேண்டும். தீவில் மீன் கிடைக்கும். வேகவைத்து, முள் நீக்கி, சோற்றோடு மசித்து ஊட்டுங்கள். பருப்பு, முருங்கைக்கீரை, பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் நல்லது. 2 வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும்.

சத்துணவு இருந்தால் தடுப்பூசி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தடுப்பூசி, கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டும். அதை எதிர்க்கும் பலத்தை உணவு தரும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுக்காவல்.

சீம்பாலைக் கொட்டாதீர்கள். அது குழந்தையின் உரிமை.