விற்பனை முற்றத்தில் ஒரு மின்னேற்றி

பெட்ரோல் கார் விற்ற வியாபாரியிடம், பெட்ரோலையும் நீரே தர வேண்டுமென்று எவரும் வற்புறுத்தியதில்லை; ஊருக்கு ஊர் பங்க் இருந்தமையால், விற்பதோடும் பழுது பார்ப்பதோடும் அவருடைய பொறுப்பு முடிந்துவிட்டது. மின்சாரக் கார் வந்த பிறகோ, வழியில் சார்ஜ் தீர்ந்தால் என் செய்வது என்ற கவலை வாங்க வருகிறவரின் முதல் கேள்வியாகி, அதற்கு விடை சொல்லும் கடமை விற்கிறவர் தலையில் விழுந்தது. கார் ஷோரூம்களின் முற்றத்தில் மின்னேற்றிகள் முளைத்த கதைக்கு இதுவே மூலகாரணம்.

2010 டிசம்பரில் நிஸான் நிறுவனம் அமெரிக்காவில் லீஃப் என்னும் மின்காரை விற்கத் தொடங்கியது. 24 யூனிட் மின்சாரம் கொள்ளும் அதன் பேட்டரி, ஒரு முறை நிறைத்தால் அந்நாட்டு அரசாங்கக் கணக்குப்படி 73 மைல், அதாவது ஏறத்தாழ 117 கிலோமீட்டர்தான் ஓடும். பொது இடத்து மின்னேற்றிகள் அரிதாக இருந்த அக்காலத்தில், லீஃப் விற்ற டீலர்களின் வளாகங்களில் வைக்கப்பட்ட மின்னேற்றிகள் பலருக்கும் ஆபத்பாந்தவனாக விளங்கின. ஆயினும் இரவில் கதவு பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்கமாட்டார். பகலிலோ விற்பனைக்கு வந்த புதுக் கார்கள் மின்னேற்றியை மறைத்து நிற்கும். இயந்திரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்ற இந்த மனத்தாங்கல் அன்று தொடங்கி இன்றும் தீர்ந்தபாடில்லை.

மின்னேற்றிகளில் இரு ஜாதி உண்டு. ஒன்று, வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை அப்படியே காருக்குக் கொடுத்து, அதை நேர்திசை மின்சாரமாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் கருவியிடம் விட்டுவிடுவது. அக்கருவி சிறியதாதலால், மணிக்கு 7 முதல் 11 யூனிட் வரைதான் ஏறும். 75 யூனிட் பேட்டரியை நிரப்ப ஓர் இரவு வேண்டும். மற்றது, அந்த மாற்றத்தைத் தானே செய்து நேர்திசை மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்குச் செலுத்தும் பெரிய இயந்திரம். 50 கிலோவாட்டில் தொடங்கி 350 கிலோவாட் வரை ஆற்றல் உடையது. தக்க கார் வாய்த்தால் அரை மணிக்குள் பெரும்பகுதியை ஏற்றிவிடும். பேட்டரி 80 சதவீதம் நிறைந்த பின் வேகம் தானாகவே தளர்வதால், அதற்குமேல் காத்திருப்பது பெரும்பாலும் காலவிரயமே. ஆகவே எந்த இடத்தில் மனிதர் எவ்வளவு நேரம் தங்குவார் என்பதை அறிந்து, அதற்கேற்ற மின்னேற்றியை அங்கே வைப்பதே இத்தொழிலின் சூட்சுமம். சர்வீசுக்கு விட்ட கார் பகல் முழுவதும் நிற்கும். அதற்கு மெதுவானதே போதும். நெடுஞ்சாலைப் பிரயாணிக்கு அரை மணிக்குமேல் பொறுமை கிடையாது.

இதை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்ட சில பெரும் ஸ்தாபனங்களின் அனுபவம் சிந்திக்கத்தக்கது. 2012-இல் டெஸ்லா நிறுவனம், டீலர் என்ற இடையாளே இல்லாமல், தானே கார் விற்று, தானே சாலையோரங்களில் அதிவேக மின்னேற்றி நிலையங்களையும் அமைக்கத் தொடங்கியது. பழைய நிறுவனங்களுக்கோ, டீலர்களைத் தாண்டி வாடிக்கையாளருக்கு நேராக விற்க அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இடந்தராது. எனவே ஃபோர்டு நிறுவனம் 2022 செப்டம்பரில் தன் டீலர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது: மின்கார் விற்க விரும்புவோர் சுமார் ஐந்து லட்சம் டாலர் முதலிட்டு, பொதுமக்களும் பயன்படுத்தத்தக்க ஓர் அதிவேக மின்னேற்றியை நிறுவ வேண்டும், உயர்ந்த தகுதி வேண்டுவோர் 12 லட்சம் டாலர் வரை செலவிட்டு இரண்டு நிறுவ வேண்டும். அவ்வாண்டு டிசம்பருக்குள் 1,920 டீலர்கள், அதாவது மூன்றில் இரு பங்கினர், இசைந்தார்கள். ஆனால் எதிர்பார்த்தபடி மின்கார்கள் விற்காமையாலும், சில மாநிலங்களில் டீலர்கள் வழக்கும் முறையீடும் தொடுத்தமையாலும், ஆதரவு தேய்ந்து, 2024 ஜூனில் ஃபோர்டு அத்திட்டத்தையே கைவிட்டது.

டீலர்களின் தயக்கத்துக்குக் கஞ்சத்தனம் காரணமன்று. அதிவேக மின்னேற்றியின் விலையைக் காட்டிலும், அதற்கு வேண்டிய மின்னிணைப்பே பல இடங்களில் பெருஞ்சிரமம். புதிய டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். மேலும், தொழிற்சாலை நடத்துவோர் நன்கறிந்த டிமாண்ட் சார்ஜ் என்ற கட்டணம், எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதைப் பாராமல், அந்த மாதத்தில் ஒரு சிறு பொழுதில் உச்சமாக இழுத்த ஆற்றலுக்கே விதிக்கப்படுவதால், நாளெல்லாம் சும்மா கிடந்த இயந்திரம் ஒரே ஒரு காருக்கு முழுவேகத்தில் சார்ஜ் ஏற்றினாலும் பில் ஏறிவிடும். அன்றியும், என்ஜின் ஆயில் மாற்றவே அவசியமில்லாத மின்கார், டீலருக்குச் சோறு போடும் சர்வீஸ் வருமானத்தையும் குறைத்துவிடுமோ என்ற அச்சம் வேறு.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் வேறொரு மார்க்கத்தை அறிவித்தது. 40,000 வரையிலான மெதுவான வகை மின்னேற்றிகளை, டீலர் ஒருவருக்குப் பத்து வரை கொடுத்து, அவற்றைத் தம் ஷோரூமில் அல்லாமல் ஊர்மக்கள் கூடும் பொது இடங்களில் நிறுவச் செய்வதே அத்திட்டம். 2022-இன் இறுதியில் விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலச் சிற்றூர்களில் முதல் மின்னேற்றிகள் நிறுவப்பட்டன. எவர் தயாரித்த கார் வந்தாலும் சார்ஜ் ஏற்றலாம். வேகம் குறைவுதான், ஆனால் மனிதர் எப்படியும் இரண்டு மணி தங்கும் இடத்தில் அது குறையாகத் தோன்றுவதில்லை. டீலருக்கு அவ்வூரில் உள்ள செல்வாக்கையே மூலதனமாகக் கொண்ட இந்த யோசனை, என் மதிப்பில், ஃபோர்டின் கட்டளையைவிட விவேகமானது.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் வழி எளிது. பேட்டரிக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகாது, ஆதலால் லைசென்ஸ் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. 2020 ஜனவரியில் எம்ஜி நிறுவனம் தன் மின்காரை வெளியிட்டபோதே, சில நகரங்களின் விற்பனை நிலையங்களில் 50 கிலோவாட் மின்னேற்றிகளை ஏற்பாடு செய்தது. டாடாவும் டீலர் வளாகங்களை இவ்வாறே பயன்படுத்துகிறது. சொந்த வாகன நிறுத்தம் இல்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு இவை பேருதவி.

ஆகவே மின்கார் வாங்கச் செல்வோர் தள்ளுபடியைப் பேசுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்பது நலம்: உங்கள் மின்னேற்றி இரவிலும் திறந்திருக்குமா? வேறு கம்பெனிக் காருக்கும் அனுமதி உண்டா? யூனிட்டுக்கு என்ன கட்டணம்? அதன் முன் வேறு வண்டிகளை நிறுத்தாமல் காப்பவர் யார்? இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்லும் டீலர், மின்னேற்றியை விளம்பரப் பலகையாகக் கருதாமல் தம் தொழிலின் அங்கமாகவே ஏற்றுக்கொண்டவர். அவரிடம் வாங்கினால், விற்ற பிறகும் அவர் நமக்குப் பயன்படுவார் என்று நம்பலாம்.