சனிக்கிழமையே தொடங்கும் வியாழக்கிழமை விருந்து

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு தேங்க்ஸ்கிவிங் நாள் காலை பதினோரு மணிக்கு, 14 பவுண்டு வான்கோழி ஒன்றின் வயிற்றுக்குள் கையை விட்டேன். உள்ளே பனிக்கட்டி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தது. வெளியே தொட்டால் மெத்தென்று இருந்தது, அதை நம்பிவிட்டேன். மூன்று மணிக்கு விருந்து என்று பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தோம். சாப்பிட்டது இரவு எட்டரைக்கு. நடுவில் குழந்தைகளுக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தாயிற்று. கடைசியில் தட்டுக்கு வந்த நெஞ்சுக்கறி மரத்தூளை அமுக்கிக் கட்டினது மாதிரி இருந்தது. திருநெல்வேலியிலிருந்து முதல்முறையாக வந்திருந்த அம்மா, ரெண்டு துண்டை ரசஞ்சோற்றில் போட்டு ஊறவைத்துக்கொண்டே, "நல்லாத்தான்யா இருக்கு" என்றாள். அவளுக்குப் பாதிப் பல் கிடையாது.

அம்மா இந்த வருஷம் மறுபடி வந்திருக்கிறாள். இப்போது 78 வயது. இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவாளா என்பதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இடைப்பட்ட வருஷங்களில் நான் படித்ததையும் கெடுத்ததையும் ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தால், அடுத்த வியாழக்கிழமைக்கு எனக்கே உதவும். உங்களில் யாராவது முதல்முறையாக வான்கோழியோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கும்.

முதலில், ஏன் வியாழக்கிழமை, ஏன் வான்கோழி? 1621-இல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகள் வருகின்றன, வாம்பனோவாக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்கள் வருகின்றன. வான்கோழி என்று பேர் சொல்லி எதுவும் இல்லை. மேசை நடுவே வறுத்த வான்கோழி என்ற படத்தை மனசில் பதியவைத்ததில் பெரும்பங்கு சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியைக்கு உண்டு. 1827-இல் வந்த தன் நாவலில் அப்படி ஒரு விருந்தை விவரித்தார். பிறகு பல வருஷம் இதை நாடு முழுவதற்கும் பொதுவான திருநாள் ஆக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863-இல் லிங்கன் நவம்பர் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939-இல் ரூஸ்வெல்ட் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக ஒரு வாரம் முன்னால் தள்ள, பாதி நாடு ஒரு நாளும் மீதி இன்னொரு நாளும் கொண்டாடியது. 1941-இல் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடித்தார்கள்.

பறவையின் பேரும் ஒரு குழப்படிதான். மெக்சிகோ பக்கத்துப் பறவைக்கு ஆங்கிலேயர் துருக்கியின் பேரை வைத்தார்கள். துருக்கியர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கு அது 'கல்கூன்', அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி! அந்த டச்சுச் சொல்தான் இலங்கைக்குப் போய்ச் சிங்களத்தில் 'களுகும்' ஆயிற்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாள் வியாழன் என்று உறுதி. அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு: ஃப்ரிட்ஜில் வைத்து உருகவைக்க, ஒவ்வொரு நாலைந்து பவுண்டுக்கும் 24 மணி நேரம். 14 பவுண்டுக்கு மூன்று, மூன்றரை நாள். ஏன் இவ்வளவு இழுக்கிறது? ஒரு கிராம் பனிக்கட்டியை ஒரு கிராம் தண்ணீராக மாற்றத் தேவைப்படும் வெப்பத்தை வைத்து, அந்தத் தண்ணீரை 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிடலாம். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்றோ வெறும் மூன்று நாலு டிகிரி. அவ்வளவு வெப்பம் அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும்.

சமையல் மேடையில் வெளியே வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிச்சதை அறைச்சூட்டுக்கு வந்து மணிக்கணக்கில் கிடக்கும். 4-லிருந்து 60 டிகிரி செல்சியஸ்தான் கிருமிகள் பெருகும் இடம். அதனால் வேண்டாம். மறந்துபோய்விட்டால் அவசரவழி குளிர்ந்த தண்ணீர்: உறை பிரிக்காமல் மூழ்கவைத்து, பவுண்டுக்கு 30 நிமிஷம், அரைமணிக்கு ஒருதரம் தண்ணீர் மாற்ற வேண்டும். 14 பவுண்டுக்கு ஏழு மணி நேரம். அன்றைக்கு நான் செய்தது இதில் பாதி. சிங்க் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி நெஞ்சுக்கறி ஏன் மரத்தூள் ஆயிற்று என்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. வான்கோழி பார்க்க ஒரு பறவை. சமையலுக்கு அது ரெண்டு வேறு கறி. நாளெல்லாம் நடக்கும் கால், தொடையில் இணைப்புத் திசு நிறைய. அந்தக் கொலாஜன் உருகி வழுவழுப்பாக மாற 75, 80 டிகிரி செல்சியஸும் கொஞ்சம் அவகாசமும் வேண்டும். எப்போதாவது படபடவென்று பறப்பதற்கு மட்டும் உபயோகப்படும் நெஞ்சுச் சதையில் கொலாஜன் மிகக் குறைவு. அங்கே 65-ஐத் தாண்டினாலே புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பிக்கும். முழுசாக ஓவனில் வைத்தால் நேர் எதிர்மாறாக நடக்கிறது. நெஞ்சு மேலே துருத்திக்கொண்டு சூட்டை வாங்குகிறது, தொடை கீழே ஒளிந்துகொள்கிறது. தொடை வெந்து முடிக்கும்போது நெஞ்சு செத்துப்போகிறது.

நம்ம ஊர் சமையலில் இந்தச் சிக்கலே வராது. கோழியைத் துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்கவிடுகிறோம். கறி கொஞ்சம் வறண்டாலும் குழம்பு காப்பாற்றிவிடும். இருபது வருஷம் கோழிக்குழம்பு வைத்த அனுபவம் இங்கே எனக்கு நயாபைசாவுக்கு உதவவில்லை.

இதற்கு நான் கண்ட ஒரே நல்ல மருந்து, முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டுப் பறவையைப் புத்தகம் மாதிரி விரித்து வைப்பது. கவிழ்த்துப் போட்டு, முதுகெலும்பின் ரெண்டு பக்கமும் கிச்சன் கத்தரிக்கோலால் வெட்டி, திருப்பிப் போட்டு நெஞ்செலும்பை ரெண்டு உள்ளங்கையாலும் அழுத்தினால் 'மடக்'கென்று சத்தம் வரும். ஹலால் கறிக்கடையில் வாங்கினால் அவர்களே வெட்டித் தருவார்கள். விரித்ததும் கால்கள் நெஞ்சின் மட்டத்துக்கு, வெளிப்பக்கமாக வந்துவிடும். சூடு நன்றாகப் படும். 230 டிகிரி செல்சியஸில் 14 பவுண்டு பறவை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடுகிறது. முழுசாக என்றால் மூன்றரை மணிக்குக் குறையாது. குறை ஒன்றே ஒன்று: அழகு. "லாரி ஏறினது மாதிரி இருக்குப்பா" என்று மகள் சொன்னாள். இருக்கட்டும்.

வெந்ததா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் தவிர எதையும் நம்பாதீர்கள். சாறு தெளிவாக வருகிறதா, கால் ஆடுகிறதா என்பதெல்லாம் குத்துமதிப்பு. சில பறவைகளில் செருகி வரும் பிளாஸ்டிக் குமிழ் மேலே எழும்பும்போது நெஞ்சு பெரும்பாலும் வறண்டிருக்கும். வேளாண் துறை சொல்லும் அளவு எல்லா இடத்திலும் 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். நெஞ்சின் தடித்த இடம் 160-ஐத் தொட்டதும் வெளியே எடுக்கிறேன். மேசையில் இருக்கும்போதே உள்சூடு ஏறி 165-க்கு வந்துவிடும். வராவிட்டால் திரும்ப உள்ளே. அப்போது தொடை 175-க்கு மேல் போயிருக்கும், அதற்கு அதுதான் நல்லது. வயிற்றுக்குள் ரொட்டி ஸ்டஃபிங் திணிக்கிற பழக்கத்தையும் விட்டேன். அதன் நடுவும் 165 ஆக வேண்டும், அதற்குள் நெஞ்சு போய்விடும். தனித் தட்டில் செய்தால் மேல்பக்கம் மொறுமொறுப்பாகவும் வரும்.

உப்பு. செவ்வாய் இரவே, ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு. பொடி உப்பு என்றால் பாதி போதும். முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரிலேயே கரைந்து ஒரு நாளில் திரும்ப உள்ளே போகும். போய்ப் புரதத்தைத் தளர்த்திவிடுவதால், வேகும்போது சதை அவ்வளவாக இறுகாது, சாறு தங்கும். மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் தோலும் காய்ந்து ஓவனில் நன்றாக முறுகும். ஆனால் வாங்கும்போது உறையில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். பல உறைந்த பறவைகளில் உப்புக் கரைசலை ஏற்கெனவே ஊசியால் ஏற்றியிருப்பார்கள். அதற்கு மேல் உப்புத் தடவிய ஒரு வருஷம் எல்லாரும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தோம்.

அம்மாவோடு சண்டை வருவது கழுவும் விஷயத்தில். மஞ்சள் போட்டு மூணு தண்ணி அலசாத கறியை அவள் கறியாகவே மதிக்க மாட்டாள். கழுவும்போது தெறிக்கிற தண்ணீரில் கிருமி சிங்க், மேடை, சாலட் எல்லாவற்றிலும் பரவும், ஓவன் சூட்டில் எப்படியும் செத்துவிடும், ஆகவே கழுவ வேண்டாம் என்பது இங்கே அதிகாரபூர்வமான அறிவுரை. "கவிச்சி அடிக்காதாய்யா?" என்று நேற்றும் கேட்டாள். உடன்பாடு இப்படி ஆகியிருக்கிறது: காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, உப்போடு மஞ்சளும் மிளகும் சேர்த்து அவளே தடவுவாள். மஞ்சளால் தோல் நிறமும் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

பாக்கியெல்லாம் ஓவனுக்கு யார் எப்போது என்ற வரிசைதான். எங்கள் வீட்டில் ஒரே ஓவன். வியாழக்கிழமை அதைக் கேட்டு நாலு பண்டம் நிற்கும். அதனால் பம்ப்கின் பை புதன்கிழமையே. க்ரான்பெர்ரி சாஸ் செவ்வாய். அந்தப் பழத்தில் புளிப்பும் பெக்டினும் ஏராளம், சர்க்கரையோடு பத்து நிமிஷம் கொதித்தால் தானாக உறையும். ஒரு பங்கை எடுத்து அம்மா நல்லெண்ணெய், பெருங்காயம் போட்டுத் தொக்கு கிண்டுவாள், அதுதான் முதலில் காலியாகும். வெட்டிய முதுகெலும்பு, கழுத்து, உள்ளே காகிதப் பையில் இருக்கும் இரைப்பை எல்லாவற்றையும் புதனன்று கொதிக்கவைத்தால் கிரேவிக்குச் சாறு தயார். அந்தப் பையை எடுக்க மறந்து அப்படியே வேகவைத்தவர்கள் நிறைய, நானும் ஒருதரம். ஈரல் மட்டும் கிரேவியில் கசக்கும், தனியே மிளகு போட்டு வறுத்துவிடுவோம்.

வியாழனன்று மூன்று மணிச் சாப்பாட்டுக்குப் பறவை 12:45-க்கு உள்ளே போகும், 2:15 வாக்கில் வெளியே வரும். அது ஆறும் அந்த முக்கால் மணி நேரம்தான் பொக்கிஷம். ஓவன் காலி, சூடாகவும் இருக்கிறது. ஸ்டஃபிங், பீன்ஸ் கேசரோல், மைத்துனர் வீட்டாருக்கான சைவப் பண்டம் எல்லாம் அப்போது உள்ளே போகும். உருளைக்கிழங்கு மசியல் அடுப்பில். சாப்பிட்டு முடித்ததும் மிச்சக் கறியை ரெண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அது பிரியாணி, எலும்பு சூப்.

இப்போது வெள்ளி இரவு. நாளைக்குக் காலை பறவை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறங்கியாக வேண்டும். கீழ்த்தட்டில் அம்மா ஆட்டி வைத்த இட்லி மாவு, பெரிய பாத்திரம் நிறைய இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் எல்லாருக்கும் தோசை.